தொண்டர் என்பவர் யார்?

சொற்களுக்கும் வர்க்கம் உண்டு. ஒரே வேலையை ஒருவர் செய்தால் தொண்டு என்றும் இன்னொருவர் செய்தால் கூலி என்றும் பெயர் பெறுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். சீமாட்டி ஒருத்தி வைத்தியசாலைக்குச் சென்று ஒரு நாள் நோயாளியின் பாத்திரத்தைக் கழுவினால் பத்திரிகைகள் படம் பிரசுரிக்கின்றன. அதே பாத்திரத்தை முப்பது ஆண்டுகள் கழுவிய சிற்றூழியர் ஓய்வுபெறும் நாளில் அவருக்கு ஒரு மாலை கிடைத்தால் அதுவே பெரிது. சேவையைப் பற்றிய நமது இலக்கியமும் இந்தப் பாகுபாட்டிலிருந்து விடுபடவில்லை. இதனை நாம் ஆராயப் புகுந்ததற்கு ஒரு நிகழ்ச்சி காரணமாயிற்று. முதலில் அதனைக் கூறிவிடுவோம்.

கண்டியை அடுத்த தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நம்மிடம் உயர்தரம் வரை பயின்றவர். பல்கலைக்கழக வாய்ப்புச் சில புள்ளிகளால் தவறிப்போகவே, நகரத்து ஹோட்டல் ஒன்றின் சமையற்கட்டில் வேலைக்கு அமர்ந்தார். வெளிநாட்டுத் தொண்டு அமைப்பொன்றின் மருத்துவக் கப்பலில் சமையலுக்கும் துப்புரவுக்கும் தொண்டர்கள் தேவை என்பதை அறிந்ததும், அவருக்கு அதில் தீராத ஆசை பிறந்தது. பத்து மாதம் கடலில் பணி செய்ய வேண்டும், ஊதியம் இல்லை. தங்குமிடத்துக்கும் உணவுக்கும் மாதந்தோறும் ஒரு தொகையைத் தொண்டரே செலுத்த வேண்டும். பயணச் செலவும் அவருடையதே. விண்ணப்பத்தைத் திருத்தித் தருமாறு அவர் நம்மிடம் வந்தபோது தாயாரும் உடன் வந்திருந்தார். நாம் விளக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட அந்த அம்மையார், கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வேலையும் நாமளே செஞ்சு, அதுக்குக் காசும் நாமளே கட்டணுமா மாஸ்டர்?"

அந்தக் கேள்விக்கு அன்று நாம் விடை கூறவில்லை. கூற முடியவில்லை என்பதே உண்மை. கொழுந்துக் கூடையைச் சுமந்து தேய்ந்த முதுகோடு கேட்கப்பட்ட கேள்வி அது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாவை எட்டியதே 2021 ஆம் ஆண்டில்தான், அதுவும் நெடுங்காலப் போராட்டத்தின் பின்னரே என்பதை நினைவிற் கொண்டால், கேள்வியின் கூர்மை விளங்கும். அந்தக் கேள்வியைப் புறந்தள்ளிவிட்டுத் தொண்டின் மேன்மையைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

முதலில் அந்த இளைஞர் செய்ய விரும்பிய வேலையின் தன்மையை நோக்குவோம். மருத்துவக் கப்பல் என்றதும் முகமூடி அணிந்த அறுவை வைத்தியரின் உருவமே நம் மனத்தில் எழுகிறது. ஆனால் அது மிதக்கும் ஓர் ஊராகும். 2022 இல் ஆபிரிக்கக் கரையில் பணி தொடங்கிய 'குளோபல் மேர்சி' என்ற கப்பலை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 174 மீற்றர். ஆறு அறுவைச் சிகிச்சைக் கூடங்களும் சுமார் 200 நோயாளர் படுக்கைகளும் அதில் உண்டு. பணியாளரோ அறுநூறுக்கு மேற்பட்டோர் தங்கலாம். ஆறு கூடங்களில் எத்தனை வைத்தியர்கள் நின்றுவிட முடியும்? எஞ்சியோருள் பலர் யார்? இயந்திர அறையில் வெப்பத்தில் நிற்பவர், மின்கம்பியைச் செப்பனிடுபவர், குடிநீரைக் கவனிப்பவர், நூற்றுக்கணக்கானோருக்கு மூன்று வேளையும் சமைப்பவர், இரத்தம் தோய்ந்த துணியை வெளுப்பவர், தளத்தைக் கழுவுபவர், துருவைச் சுரண்டி வர்ணம் பூசுபவர். இயந்திரம் நின்றால் விளக்கு அணையும். விளக்கு அணைந்தால் கத்தி நிற்கும். துணி சுத்தமில்லாவிடின் சிறந்த வைத்தியரின் சிறந்த தையலும் சீழ்பிடிக்கும்.

இது மிகைப்படுத்திய கூற்றன்று. 1854 இல் ஸ்குட்டாரி இராணுவ வைத்தியசாலைக்குச் சென்ற புளோரன்ஸ் நைட்டிங்கேலை உலகம் கையில் விளக்கேந்திய தேவதையாகவே வரைந்து வைத்திருக்கிறது. அவரது பணியின் உயிர்நாடி விளக்கில் மட்டும் இருக்கவில்லை. அவர் செய்த முதற்காரியங்களுள் ஒன்று துணி வெளுக்க ஓர் இடம் அமைத்துப் படைவீரரின் மனைவியரை அதில் வேலைக்கு அமர்த்தியது. 1855 இன் தொடக்கத்தில் சுகாதாரக் குழுவினர் வந்து கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவு செய்தனர். அவ்வாண்டு பெப்ரவரியில் 100 க்கு 42 என்றிருந்த மரண வீதம் சில மாதங்களில் 100 க்கு 2 என்ற அளவுக்குத் தாழ்ந்தது. விளக்கேந்திய கரத்தைப் பற்றிக் கவிதைகள் எழுந்தன. துணி வெளுத்த பெண்களின் பெயர்களையோ கால்வாய் தோண்டியவர்களின் பெயர்களையோ எந்தக் கவிஞனும் பாடவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கண்டிக்குக் கடல் இல்லை. எனினும் துறைமுகத்தின் தலைவிதியோடு மலைநாடு என்றுமே பிணைக்கப்பட்டிருந்தது. 1867 இல் கண்டிக்கு ரயில் வந்ததே மலையில் விளைந்த கோப்பியைக் கப்பலுக்கு இறக்குவதற்காகத்தான். நூறு ஆண்டுகள் கழித்து, 1968 இல், கொழும்புத் துறைமுகத்துக்கு ஒரு வெள்ளைக் கப்பல் வந்தது. அதன் பெயர் 'ஹோப்', அதாவது நம்பிக்கை. அமெரிக்கக் கடற்படையில் 'கொன்சொலேஷன்' என்ற பெயருடன் கொரிய யுத்தத்தில் பணிபுரிந்த கப்பல் அது. 1960 இல் வில்லியம் வோல்ஷ் என்ற வைத்தியரின் முயற்சியால் சமாதான காலத்துக்குரிய மருத்துவக் கப்பலாகப் புறப்பட்டது. இந்தோனேசியா, பெரு, எக்குவடோர், கினி, நிக்கராகுவா, கொலம்பியா முதலிய நாடுகளுக்குச் சென்றபின் இலங்கைக்கு வந்து 1969 வரை தங்கிப் பணிசெய்தது. 1974 இல் ஓய்வுபெறும்வரை அது மேற்கொண்ட நெடும்பயணங்கள் பதினொன்று.

அந்தக் கப்பலின் நற்பணியை மறுப்பது நம் நோக்கமன்று. அதன் கொள்கையில் ஒன்று பாராட்டத்தக்கது: வந்த வைத்தியரும் தாதியரும் நோயைத் தீர்த்துவிட்டுப் போவதோடு நில்லாது, ஒவ்வொரு துறையிலும் உள்ளூரார் ஒருவரை அருகில் நிறுத்திக் கற்பிக்க வேண்டும் என்பது திட்டம். கப்பல் போனபின்னும் கரையில் அறிவு தங்கவேண்டும் என்ற இந்த எண்ணம் வெறும் தர்மத்தைவிட மேலானது. வெளிநாட்டுக் கப்பல் என்றதுமே ஏகாதிபத்தியத்தின் முகமூடி என்று கூறிக் கதவைச் சாத்திவிடும் விமர்சனம் எளிது. ஆனால் வயிற்றுக்கட்டி அகற்றப்பட்டு எழுந்து நடந்த ஏழையின்முன் அந்த விமர்சனம் வாய்திறக்க முடியாது. நாம் ஆராய வேண்டியது கப்பலைப் பற்றி எழுதப்பட்ட எழுத்தையே.

வோல்ஷ் தம் பயணங்களைப் பற்றி நூல்கள் எழுதினார். அவற்றுள் மூன்றின் தலைப்புகளை மட்டும் இங்கு நோக்குவோம். 1964 இல் 'ஹோப் என்றொரு கப்பல்'. 1966 இல் 'யாங்கி, திரும்பி வா!', 1970 இல் இலங்கைப் பணியைப் பற்றிய 'கிழக்கில் நம்பிக்கை'. லத்தீன் அமெரிக்க மக்களின் சுவர்களில் 'யாங்கியே, திரும்பிப் போ' என்ற முழக்கம் எழுதப்பட்ட காலம் அது. அந்த முழக்கத்தைத் தலைகீழாகத் திருப்பித் தலைப்பாக்கியதிலேயே நூலின் அரசியல் வெளிப்படவில்லையா? மூன்று தலைப்புகளிலும் வினைபுரிபவர் வருபவரே. கிழக்கு, நம்பிக்கையைப் பெற்றுக்கொள்ளும் ஏனமாகக் காத்திருக்கிறது. தலைவரின் கண்ணிலிருந்து பார்க்கும் எழுத்து இயல்பாகவே இத்தகையதாகும். கப்பலின் மேற்றளத்தில் நிற்பவருக்குக் கரை முழுவதும் தெரியும்; கீழ்த்தளத்தில் துணி வெளுப்பவர் தெரியமாட்டார். கரைக்குப் பின்னாலுள்ள மலையும் தெரிவதில்லை.

அந்த 1968 இல் மலையில் நிகழ்ந்தது என்ன? 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் தலைகளை எண்ணி இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அப்போது நடைமுறைக்கு வந்துகொண்டிருந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்பது கணக்கு. நம்பிக்கை என்ற பெயருடைய வெள்ளைக் கப்பல் கொழும்பில் நின்ற அதே நாட்டில், தலைமன்னாரிலிருந்து வேறு கப்பல்கள் மலைநாட்டு மக்களை இராமேஸ்வரத்துக்கு ஏற்றிச் செல்லும் காலம் நெருங்கிவிட்டது. பிற்காலத்தில் கண்டியிலும் ஹற்றனிலும் ரயில் மேடைகளில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுத கூட்டத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். தோட்டத்திலே நோயுற்றவரைக் கம்பளியில் கிடத்தித் தோளில் சுமந்து, மருந்துக் காம்பிராவுக்கும் அங்கிருந்து பெருந்தெருவுக்கும் கொண்டுசென்றவர்கள் அந்த மக்களே. அவர்களை யாரும் தொண்டர் என்று எழுதிவைக்கவில்லை. பேரேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே 'கூலி' என்றே எழுதப்பட்டிருந்தது.

இந்த மறைப்பு அந்நியரின் எழுத்துக்கு மட்டும் உரியதென்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 1899 இல் தென்னாபிரிக்க யுத்தத்தின்போது காந்தியடிகள் அமைத்த இந்திய ஆம்புலன்ஸ் படையை நாம் பெருமையுடன் மாணவருக்குக் கற்பிக்கிறோம். காயமுற்றவரைத் தூக்குகட்டிலில் சுமந்து நாளொன்றுக்கு இருபது, இருபத்தைந்து மைல் நடந்த அந்தப் படையில் சுமார் 1100 பேர் இருந்தனர். அவர்களுள் ஏறக்குறைய 300 பேரே சுதந்திர இந்தியர். தலைவர்கள் சுமார் 40 பேர். மற்றையோர் ஒப்பந்தக் கூலிகள் என்று காந்தியடிகளே எழுதியிருக்கிறார். நேற்றாலின் ஒப்பந்தக் கூலிகளிற் பெரும்பாலோர் சென்னை மாகாணத்திலிருந்து சென்றவர்கள் என்பதையும், அவர்களுள் தமிழர் தொகை பெரிது என்பதையும் சொல்லத் தேவையில்லை. கட்டிலின் நான்கு முனைகளையும் தாங்கிய தோள்கள் யாருடையவை? நமது பாடநூலில் தலைவரின் பெயர் உண்டு. தோள்கள் வெறும் எண்ணிக்கையாக நிற்கின்றன. எண்ணிக்கையையாவது எழுதிவைத்தாரே என்று காந்தியடிகளுக்கு நாம் நன்றி கூறவேண்டும்.

இன்றைய இலங்கையில் 'தொண்டர்' என்ற சொல்லுக்கு இன்னுமொரு பொருள் உண்டு. ஆசிரியர்களாகிய நாம் அதனை நன்கறிவோம். வெளிநாட்டு இளைஞனுக்குத் தொண்டு என்பது பள்ளிப்படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் இடையே கிடைக்கும் ஓர் இனிய ஓராண்டு. நம் நாட்டின் தொண்டர் ஆசிரியருக்கோ அது நிரந்தர நியமனத்தின் வாசலில் காத்து நிற்கும் பல ஆண்டு. வெற்றிடங்களை நிரப்ப அரசிடம் பணம் இல்லாதபோது, ஊதியமின்றியோ பெற்றோர் திரட்டித் தரும் சிறுதொகைக்கோ வகுப்பறையில் நின்று பாடம் சொன்னவர்கள் அவர்கள். சுகாதாரத் தொண்டர்களின் கதையும் அதுவே. 'எங்களை நிரந்தரமாக்கு' என்ற பதாகையுடன் அவர்கள் வீதியில் அமர்ந்த நாட்களை நாம் கண்டிருக்கிறோம். ஒருவருக்குத் தொண்டு தம் விருப்பத்தின் சின்னம். மற்றவருக்கு அது வேலையின்மையின் மறுபெயர். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்து ஒரே மாலையைச் சூட்டுவது, அறிந்தோ அறியாமலோ, உழைப்புத் திருட்டுக்கு உடந்தையாவதாகும்.

ஆகவே, நம் மாணவரின் தாயார் கேட்டது பணக் கணக்கு மட்டுமன்று. இலவசமாக உழைக்கும் வாய்ப்பும்கூட உள்ளவனுக்கே உரியதா என்ற கேள்வி அதனுள் இருக்கிறது. பத்து மாத உணவுக்கும் பயணத்துக்கும் பணம் உள்ளவன், ஊதியம் இல்லாதபோதும் பட்டினி கிடக்காத குடும்பம் உள்ளவன், அவனே தொண்டனாகலாம். அவ்வாறாயின் கருணை என்பதும் வசதியுள்ளோரின் ஏகபோகமாகிவிடுகிறது. நாளெல்லாம் பிறருக்காக உழைப்பவர்கள் கருணையைப் பெறுவோர் வரிசையில் மட்டுமே நிற்கவேண்டியவர்களாகின்றனர். தொண்டு நிறுவனங்கள் தம் செலவைக் குறைக்கவே இவ்வாறு செய்கின்றன, அப்பணம் நோயாளியைச் சேர்கிறது என்று ஒரு சமாதானம் கூறப்படுகிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் ஏழை நாட்டுத் தொழிலாளியின் மகனுக்கும் செல்வ நாட்டு வர்த்தகரின் மகனுக்கும் ஒரே கட்டணம் விதிப்பதைச் சமத்துவம் என்று நாம் ஏற்கமாட்டோம்.

மற்றொரு கேள்வியும் எழுகிறது. கப்பல் ஏன் வரவேண்டியிருக்கிறது? 2022 மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் மருந்தில்லாமையால் திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைகள் நிறுத்தப்பட்ட செய்தியை நாம் மறந்திருக்க முடியாது. அடுத்த மாத இறுதியில் 'கரியால்' என்ற இந்தியக் கடற்படைக் கப்பல் 107 வகையான, 760 கிலோவுக்கு மேற்பட்ட உயிர்காக்கும் மருந்துகளைக் கொழும்பில் இறக்கியது. உதவிய அண்டை நாட்டுக்கு நன்றி உரியதே. ஆனால் இலவச வைத்தியத்தைத் தன் பெருமையாகக் கொண்ட ஒரு நாடு, பல்கலைக்கழகத்து வைத்தியசாலைக்கு மருந்து வாங்க இயலாத நிலைக்கு வந்தது எப்படி என்ற கேள்வியை அந்த நன்றியுணர்ச்சி விழுங்கிவிடக் கூடாது. கப்பல் ஒரு தற்காலிகக் கரை. கரையே உறுதியாக இருந்தால் கப்பலுக்கு வேலை குறையும். கரையை உறுதிப்படுத்துவதே அரசியல்; கரை இடியும்போது கைகொடுப்பது தொண்டு. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பவர் எவராயினும் அவர் மக்களுக்கு நன்மை செய்பவராகார்.

அப்படியானால் அந்த இளைஞர் போகக்கூடாதா? நம் நண்பர்களுட் சிலர் அவ்வாறே வாதாடினர். நம் தோட்டத்துப் பிள்ளைக்காவலில் ஆளில்லாதபோது ஆபிரிக்கக் கரையில் உருளைக்கிழங்கு உரிப்பானேன் என்றனர். இவ்வாதத்தின் முதற்பகுதி சரி, முடிவு தவறு. நம் மக்களின் துன்பத்தைக் காட்டி நம் பிள்ளைகளின் உலகத்தைச் சுருக்க நமக்கு உரிமை இல்லை. உலகத் தொழிலாளர் ஒற்றுமையை மேடையில் முழங்கும் நாம், தோட்டத் தொழிலாளியின் மகன் இன்னொரு கண்டத்து ஏழைக்குச் சோறாக்கப் புறப்படும்போது தடுப்போமாயின், நம் முழக்கத்துக்கு என்ன பொருள்? 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் மலைகளைச் சரித்துக் கண்டி மாவட்டத்தைப் பிணக்காடாக்கியபோது, அறுந்த பாதைகளின் வழியே சோற்றுப் பொதியைச் சுமந்து ஏறியவர்களுள் இவரும் ஒருவர். அன்று அவரிடம் யாரும் கட்டணம் கேட்கவில்லை. அவரும் ஊதியம் கேட்கவில்லை. சிங்கள வீட்டுக்கும் தமிழர் லயத்துக்கும் முஸ்லிம் கடைத்தெருவுக்கும் ஒரே பொதியே சென்றது. ஏழை ஏழைக்குச் செய்யும் இத்தொண்டு ஏற்கெனவே நம் மண்ணில் உண்டு. அதற்கு எழுத்து இல்லை என்பதே நம் குறை.

இங்கேதான் விமர்சகரின் கடமையும் எழுத்தாளரின் கடமையும் ஒன்றுபடுகின்றன. சேவையைப் பற்றி எழுதும் எவரிடமும் நாம் சில கேள்விகளைக் கேட்கவேண்டும். உம்முடைய கதையில் சமைத்தவர் யார்? துணி வெளுத்தவர் யார்? அவர்களுக்குப் பெயர் உண்டா, பேச்சு உண்டா? நோயாளி கண்ணீர் மல்கக் கைகூப்புவதைத் தவிர வேறு எதையேனும் சொல்கிறாரா, அல்லது குறை கூறவும் அவருக்கு உரிமை கொடுத்தீரா? கப்பல் சென்றபின் கரையில் எஞ்சியது என்ன? இக்கேள்விகளுக்கு விடை இல்லாத நூல் எவ்வளவு நல்லெண்ணத்துடன் எழுதப்பட்டிருந்தாலும் பாதி உண்மையே. கீழ்த்தளத்திலிருந்து எழுதப்படும் நூலை நாம் வேண்டி நிற்கிறோம். சமையற்கட்டின் வெப்பத்தையும், துணியறையின் ஈரத்தையும், தன் தாயின் முதுகையும் அறிந்த ஒருவரே அதனை எழுத முடியும்.

தாயாரின் கேள்விக்கு இப்போது நம் விடையைக் கூறுவோம். கட்டக்கூடாது, அம்மா. உழைப்பவர் தம் உழைப்புக்குத் தாமே விலை கொடுப்பது நியாயமன்று. ஆதலால் கட்டணத்தை நீக்குமாறோ குறைக்குமாறோ அவ்வமைப்புக்கு எழுதும்படி உங்கள் மகனிடம் கூறினோம். காரணத்தை ஒளிவின்றி எழுதச் சொன்னோம். அவர்கள் மறுத்தால், அந்தச் சுமை உங்கள் கூடையில் ஏறாது. ஆசிரியர்களாகிய நாமும், அவருடன் படித்த மாணவர்களும், அவரால் அன்று சோறு பெற்ற சிலரும் சேர்ந்து அதனைப் பகிர்ந்துகொள்வதாக முடிவு செய்திருக்கிறோம். இது தர்மமன்று; கடன். இதற்குப் பதிலாக அவரிடம் நாம் கேட்டிருப்பது ஒரு கொப்பி மட்டுமே. நாள்தோறும் வேலை முடிந்தபின் ஒரு பக்கம் எழுதி, பத்து மாதம் கழிந்து திரும்பும்போது அதனைக் கொண்டுவர வேண்டும். அக்கொப்பியில் வைத்தியரின் பெயர் இருக்கட்டும். துணி வெளுத்தவரின் பெயர் அதற்கு முன்னே இருக்கட்டும்.